இரண்டாவது நாய்: குட்டியா, வளர்ந்ததா, வேண்டவே வேண்டாமா?

இன்னொரு நாய் எடுக்கலாம் என்று வீட்டில் பேச்சு வந்ததும், கேள்விகள் எல்லாம் வரப்போகிற நாயைச் சுற்றியே ஓடும். குட்டியா, வளர்ந்ததா? ஆணா, பெண்ணா? என்ன இனம்? நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஏழு வயது ஜூலி காலடியில் படுத்திருக்க, நான் போனில் குட்டிகளின் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூலிக்கு எது ஒத்துவரும் என்று நான் யோசித்த நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஐந்து நிமிடம் தேறாது. அப்புறம் நான்கு மாதம் அதை மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அதனால் இந்த ஒப்பீட்டில், வரப்போகிற நாயைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுவோம். வீட்டில் ஏற்கெனவே இருப்பது எப்படிப்பட்ட நாய் என்பதிலிருந்து தொடங்கினால், பாதிக் கேள்விகளுக்கு அதிலேயே பதில் கிடைத்துவிடும்.

எடுக்காமலே இருந்தால்?

இந்த வழியை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. இன்னொரு நாய் வேண்டும் என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் முதலாவது, "பாவம், இது தனியாகக் கிடக்கிறது" என்பதுதான். அதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. ஒன்று, விளையாட ஆள் இல்லாத சலிப்பு. இன்னொன்று, நாம் வெளியே போனால் தாங்க முடியாத பதற்றம்: கதவைப் பிராண்டுவது, எச்சில் ஒழுக ஊளையிடுவது, வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழிப்பது. முதலாவதற்கு இன்னொரு நாய் உதவலாம். இரண்டாவதற்கு அநேகமாக உதவாது. அந்த நாய் தேடுவது மனிதரை. பக்கத்தில் இன்னொரு நாய் படுத்திருந்தாலும் அந்த மனிதர் வீட்டில் இல்லைதானே. சில வீடுகளில் புதிதாக வந்ததும் சேர்ந்து ஊளையிடப் பழகிவிடுகிறது. அக்கம்பக்கத்தாருக்கு இரட்டைக் கச்சேரி.

உங்கள் வீட்டில் இருப்பது இரண்டில் எது என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. உங்கள் நாயோடு நன்றாகப் பழகிய ஒரு நண்பர் வீட்டு நாயை ஒரு நாள் அழைத்து வாருங்கள். இரண்டையும் வீட்டில் விட்டு, போனை வீடியோவில் வைத்துவிட்டு, கால் மணி நேரம் வெளியே போய் வாருங்கள். துணை இருந்தும் கதவடியிலேயே நின்று மூச்சிரைத்தால், அதற்குத் தேவை பயிற்சியும் ஒருவேளை கால்நடை மருத்துவரின் உதவியும்தான்.

பழக்கங்களும் ஒட்டிக்கொள்ளும். காலிங்பெல் அடித்தால் குரைப்பது, கயிற்றில் இழுத்துக்கொண்டு ஓடுவது, கூப்பிட்டால் வராமல் இருப்பது என்று முதல் நாயிடம் தீராத தொல்லை ஏதாவது இருந்தால், இரண்டாவது அதை ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ளும். நாம் ஆறு மாதம் சொல்லிக்கொடுத்ததை மட்டும் அவ்வளவு வேகமாகக் கற்றுக்கொள்ளாது, அது வேறு கதை. முதல் நாயைச் சரிசெய்துவிட்டு இரண்டாவதைப் பற்றி யோசிப்பதுதான் மலிவான வழி.

நாய்கள் எல்லாம் நாய்த்துணைக்கு ஏங்குகின்றன என்பதும் பாதி நம் கற்பனை. குட்டியாக இருக்கும்போது கண்ணில் பட்ட நாயோடெல்லாம் கூத்தடித்தது, இரண்டு மூன்று வயதுக்கு மேல் ஆள் பார்த்துப் பழகத் தொடங்கும். அது குறையில்லை, வளர்ச்சி. நடைக்குப் போகும்போது எதிரே வரும் நாயைப் பார்த்தும் பாராமல் ஒதுங்கிப் போகிற நாய், "எனக்கு யாரும் வேண்டாம்" என்று தெளிவாகவே சொல்கிறது. பார்த்த நாயின் மேலெல்லாம் பாய்கிற நாய் இன்னும் சத்தமாகச் சொல்கிறது. இந்த இரண்டாவது ரகம் உங்களிடம் இருந்தால், இதற்கு மேல் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

சரி, "இதற்குத் துணை வேண்டும்" என்று இல்லாமல், "எனக்கு இன்னொரு நாய் வேண்டும்" என்பதுதான் உண்மைக் காரணமா? அதுவும் நியாயமான ஆசைதான். ஆனால் அதை முதல் நாயின் பெயரில் எழுதாதீர்கள். அது நமக்காகப் பொறுத்துக்கொள்கிறது என்று தெரிந்தால், அதற்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதும் புரியும்.

குட்டியா, வளர்ந்த நாயா?

குட்டிக்கு ஆதரவாகச் சொல்வதில் உண்மை இருக்கிறது. பிறந்த 3 வாரத்திலிருந்து சுமார் 14 வாரம் வரை குட்டியின் மனம் எதையும் "இது உலகத்தில் சகஜம்" என்று ஏற்றுக்கொள்கிற பருவம். அந்த வயதில் வந்தால் உங்கள் வீட்டின் சத்தம், ஆட்கள், மூத்த நாயின் முணுமுணுப்பு எல்லாம் அதற்கு இயல்பாகிவிடும். மூத்த நாய்களும் குட்டிக்குக் கொஞ்சம் சலுகை கொடுக்கும். காதைக் கடித்தாலும் மேலே ஏறினாலும் பொறுத்துக்கொள்ளும். ஆனால் அது நிரந்தரச் சலுகை அல்ல; குட்டிக்கு நாலைந்து மாதம் ஆனதும் காலாவதியாகிவிடும். எல்லா நாயும் அதைக் கொடுக்கும் என்றும் இல்லை.

குட்டி ஒரு நாளில் 18 மணி நேரத்துக்கும் மேல் தூங்கும். மீதி நேரம் முழுக்க அதன் ஊசிப் பல் யாராவது ஒருவர் மேல் இருக்கும். நாம் கையை எடுத்துக்கொள்ளலாம், வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். மூத்த நாய்க்கு அந்த வசதி இல்லை.

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். மணி பத்து வாரக் குட்டியாக வந்தான். முதல் வாரம் முழுக்க நான் எல்லாருக்கும் வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தேன். ஜூலி சோபாவின் அடியில் படுத்திருப்பாள், மணி அவள் வாலைப் பிடித்து இழுப்பான், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், உதட்டை ஒரு முறை நக்கிக்கொள்வாள், கொட்டாவி விடுவாள், எழுந்து அடுத்த அறைக்குப் போவாள். மணி பின்னாலேயே ஓடுவான். "எவ்வளவு அழகாக விளையாடுதுங்க பாருங்க" என்று நான் பின்னணிக் குரல் வேறு கொடுத்திருக்கிறேன். இன்று அந்த வீடியோக்களைப் பார்த்தால், ஜூலி விளையாடுகிற ஒரு நொடிகூட அவற்றில் இல்லை. முகம் திருப்புவது, உதடு நக்குவது, தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி, கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரிய ஓரமாகப் பார்ப்பது எல்லாம் "என்னை விட்டுவிடு" என்பதற்கு நாய்கள் வைத்திருக்கிற மரியாதையான சொற்கள். பதினோராவது நாள் அவள் மரியாதையை விட்டாள். ஒரு உறுமல், ஒரு பாய்ச்சல், மணியின் மூக்கில் சின்னக் கீறல். நான் திட்டியது ஜூலியை.

அதுதான் நான் செய்த பெரிய தவறு. உறுமல் என்பது எச்சரிக்கை. உறுமியதற்காகத் திட்டு வாங்கிய நாய், குட்டியைப் பிடித்துப்போய் உறுமலை நிறுத்துவதில்லை. அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும். உறுமலைக் கேட்டால் குட்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மூத்ததை ஒன்றும் சொல்லக் கூடாது.

குட்டி எடுக்கிறவர்கள் கவனிக்காத இன்னொரு விஷயம், இன்று பார்க்கும் குட்டி நாளைக்கு யாராக வளரும் என்பது தெரியாது என்பது. நாய் உடலால் பெரும்பாலும் ஒரு வயதுக்குள் வளர்ந்தாலும், மற்ற நாய்களிடம் நடந்துகொள்ளும் விதம் நிலைபெறுவது ஒன்றரையிலிருந்து மூன்று வயதுக்குள்தான். "இரண்டு வருஷமாக ஒன்றாகத்தானே தூங்குதுங்க, இப்போ திடீரென்று ஏன் சண்டை?" என்று கேட்பவர்களின் இளைய நாய் பெரும்பாலும் இந்த வயதில்தான் இருக்கும். குட்டியை எடுத்தவர்கள் முதல் மூன்று மாதத்தோடு பரீட்சை முடிந்தது என்று நினைப்பார்கள். உண்மையான பரீட்சை வர இன்னும் நாள் இருக்கும்.

அப்புறம், தாயோடும் உடன்பிறப்புகளோடும் குறைந்தது 8 வாரம் இருந்த குட்டியா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதை அது அங்கேதான் கற்றுக்கொள்கிறது. முன்னாலேயே பிரித்த குட்டிக்கு அந்தப் பாடத்தை உங்கள் மூத்த நாய் நடத்த வேண்டி வரும், அதற்கு விருப்பம் இருக்கிறதோ இல்லையோ.

வளர்ந்த நாயின் கதை இதற்கு நேர் எதிர். உயரம், எடை, சுறுசுறுப்பு, மற்ற நாய்களிடம் நடந்துகொள்ளும் விதம் எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. உங்கள் நாயை அழைத்துக்கொண்டு போய் இரண்டு மூன்று முறை சந்திக்க வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். குட்டியிடம் இப்படிப் பார்த்து ஒரு பயனும் இல்லை. எல்லாக் குட்டியும் எல்லா நாயையும் பார்த்து வாலைக் குழைக்கும்.

வளர்ந்த நாயிடம் ஏமாறுகிற இடம் முதல் வாரம். இடம் மாறி வந்த நாய் அதிர்ச்சியில் அமைதியாக இருக்கும். "தங்கமான நாய், இருக்கிற இடமே தெரியவில்லை" என்பார்கள். நாய் எடுத்து வளர்ப்பவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: பதற்றம் அடங்க 3 நாள், வீட்டு நடைமுறை பிடிபட 3 வாரம், இது என் வீடு என்று உறைக்க 3 மாதம். ஆராய்ச்சி முடிவு அல்ல, அனுபவக் கணக்குதான். ஆனால் மூன்றாவது வாரத்தில் "ஐயோ, மாறிவிட்டதே" என்று பதறாமல் இருக்க உதவும். அது மாறவில்லை, இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. குட்டிக்குக் கிடைக்கும் சலுகை வளர்ந்ததற்குக் கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம். முதல் நாளிலிருந்தே அது சம வயதுக்காரனாகத்தான் நடத்தப்படும்.

என்னைக் கேட்டால்: வீட்டு நாய் ஒன்றரை வயதுக்குள் இருந்தால், எதையும் எடுக்காமல் காத்திருங்கள், ஒரு விடலையை வைத்துக்கொண்டு இன்னொன்றைச் சமாளிப்பது யாருக்கும் வேண்டாத வேலை. இரண்டிலிருந்து ஐந்து வயது, மற்ற நாய்களோடு விளையாடப் பிடிக்கும் என்றால் குட்டியும் சரி, வளர்ந்ததும் சரி. ஏழு வயதைத் தாண்டியிருந்தால் மூன்று நான்கு வயதுள்ள, நிதானமான நாய். நான் குட்டியை எடுத்தேன், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். பத்து வயதுக்கு மேல், மூட்டுவலியும் இருக்கிறது என்றால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். "குட்டி வந்தால் கிழவனுக்கு உயிர் வந்துவிடும்" என்பது சில வீடுகளில் நடந்திருக்கிறது. வலிக்கிற இடுப்பின் மேல் ஒரு குட்டி வந்து குதித்தால் என்ன நடக்கும் என்பதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு குட்டிகளை ஒன்றாக எடுப்பது? வேண்டாம். அவை ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு மனிதர்களைக் கண்டுகொள்ளாமல் வளரக்கூடும். அதைத் தடுக்க இரண்டையும் தனித்தனியாகத் தூங்க வைத்து, தனித்தனியாக நடைக்கு அழைத்துப்போய், தனித்தனியாகப் பயிற்சி கொடுக்க வேண்டும். வேலைக்குப் போகிற யாருக்கும் அவ்வளவு நேரம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆணா, பெண்ணா

எதிர்ப்பாலினம் பொதுவாகச் சுலபம். ஒரே வீட்டு நாய்களுக்குள் நடக்கும் கடுமையான சண்டைகளைப் பார்த்தவர்கள், அவற்றில் ஒரே பாலின ஜோடிகள் அதிகம் என்கிறார்கள். அதிலும் இரண்டு பெண் நாய்களுக்குள் ஒரு முறை முறிந்தால் ஒட்டவைப்பது கஷ்டம். ஆண்கள் சத்தம் போட்டுவிட்டு மறந்துவிடுவதுண்டு. இது விதி இல்லை. இரண்டு பெண் நாய்கள் பத்து வருடம் ஒரே மெத்தையில் படுத்த வீடுகளும் உண்டு. ஆனால் வீட்டில் இருப்பது மற்ற பெண் நாய்களைப் பார்த்து விறைக்கிற பெண் என்றால், அதிர்ஷ்டத்தைச் சோதிக்க வேண்டாம்.

எதிர்ப்பாலினம் என்றால் கருத்தடை அறுவையைத் தள்ளிப்போட முடியாது. பெண் நாய் பெரும்பாலும் வருடத்துக்கு இரண்டு முறை ஹீட்டுக்கு, அதாவது இனச்சேர்க்கைப் பருவத்துக்கு, வரும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய மூன்று வாரம். அந்த நாட்களில் ஆண் நாய் சரியாகச் சாப்பிடாமல் கதவைச் சுரண்டிக்கொண்டு அழும். "அண்ணன் தங்கைதானே, ஒன்றும் ஆகாது" என்று நம்பியவர்களுக்கு, சுமார் 63 நாள் கழித்துக் குட்டிகள் பிறக்கும். நாய்களுக்கு அந்த உறவுமுறை எல்லாம் கிடையாது. ஆணுக்கு அறுவை செய்த மறுநாளே கவலை விட்டது என்பதும் இல்லை. சில வாரம் வரை கருத்தரிக்க வைக்கும் வாய்ப்பு இருக்கும். எத்தனை நாள் பிரித்து வைக்க வேண்டும் என்று அறுவை செய்பவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

உருவ வித்தியாசம் ரொம்பப் பெரிதாக இருந்தால் எச்சரிக்கை. பெரிய நாய்க்குக் கெட்ட எண்ணமே இல்லாவிட்டாலும், விளையாட்டில் வைக்கும் ஒரு கால் சின்னதன் முதுகில் விழுந்தால் போதும். சின்னது வீறிட்டுக்கொண்டு ஓடும்போது பெரியதற்கு வேட்டை உணர்வு கிளம்பிவிடுவதும் உண்டு. மற்றபடி இனத்தை விடச் சுறுசுறுப்பு ஒத்துப்போவதுதான் முக்கியம். நிறத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

உடனே எடுத்துவிடுவதா, வைத்துப் பார்ப்பதா

காப்பகங்களில் இருந்து எடுப்பவர்களுக்குப் பல இடங்களில் ஒரு வாய்ப்பு இருக்கிறது: சில வாரம் தற்காலிகமாக வைத்திருந்து, ஒத்துவந்தால் எடுத்துக்கொள்வது. கிடைத்தால் விடாதீர்கள். இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஒரே வாதம், பிள்ளைகள் மனம் ஒட்டிவிடும், திருப்பிக் கொடுக்க முடியாது என்பது. அது உண்மைதான். அதனால் நாயை வீட்டுக்குள் கொண்டுவருவதற்கு முன்பே ஒரு தேதி குறித்து, "அன்றைக்குத்தான் முடிவு செய்வோம், வேண்டாம் என்றும் சொல்லலாம்" என்று எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். ஒத்துவராத நாயை நான்காவது வாரத்தில் திருப்பிக் கொடுப்பது, நான்காவது வருடத்தில் கொடுப்பதை விட அந்த நாய்க்கும் நல்லது.

எந்த வழியில் வந்தாலும், முதல் 10 முதல் 14 நாள் புதியதைத் தனி அறையில் வைப்பது நல்லது. குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சலும் வாந்தியும் கொண்டுவந்து உயிரையே எடுக்கக்கூடிய பார்வோ கிருமி உடலில் புகுந்து நோயாகத் தெரிய பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும். டிஸ்டெம்பர் என்ற இன்னொரு கொடிய தொற்றுநோய் இன்னும் தாமதிக்கலாம். உண்ணி, தெள்ளு, குடற்புழு எல்லாம் இந்த நாட்களில் பார்த்துக்கொள்ளலாம். மூத்ததன் தடுப்பூசிக் கணக்கையும் எடுத்துப் பாருங்கள். நாம் புதியதற்கு மட்டும்தான் ஓடுவோம். கடந்த ஒரு வருடத்துக்குள் உங்கள் வீட்டில் பார்வோ வந்திருந்தால் குட்டி எடுக்கிற யோசனையை ஒத்திவையுங்கள். அந்தக் கிருமி மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

கதவைத் திறந்து விடுவதா, தடுப்பு வைத்துக் காத்திருப்பதா

எந்த நாய் என்பதை விட எப்படிக் கொண்டுவருகிறோம் என்பதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள். மூன்று முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன.

முதலாவது, "விட்டுவிடு, அதுகளே பார்த்துக்கொள்ளும்" முறை. இது பல நேரம் பலித்தும் விடுகிறது. அதனால்தான் இன்னும் உயிரோடு இருக்கிறது. இரண்டும் பழகும் சுபாவமாக, இடம் விசாலமாக இருந்தால் அரை மணியில் ஓடிப்பிடித்து விளையாடும். பலிக்காதபோதுதான் தொல்லை. முதல் நாளே ஒரு கடி விழுந்துவிட்டால், அந்த நாள் இரண்டுக்கும் மறக்காது. அதற்கப்புறம் நீங்கள் செய்ய வேண்டியது அறிமுகம் இல்லை, சமரசம். அதற்கு மாதங்கள் பிடிக்கும்.

இரண்டாவது, பொது இடத்தில் நடக்க வைத்து அறிமுகம் செய்வது. மூன்றாவது, வீட்டுக்குள் தடுப்புக் கதவு வைத்து நாள்கணக்கில் மெல்லப் பழக்குவது. என் ஓட்டு இரண்டையும் சேர்த்துச் செய்வதற்கு: வளர்ந்த நாய் என்றால் வெளியே தொடங்கித் தடுப்பில் தொடர்வது, தடுப்பூசிகள் முடியாத குட்டியை வெளியே நடத்த முடியாது என்பதால் நேராகத் தடுப்பிலேயே தொடங்குவது.

தனி அறை நாட்கள் முடிந்ததும் தொடங்கும் நடை எப்படி என்றால், இரண்டு நாய்க்கு இரண்டு பேர். மூத்தது தன் இடம் என்று நினைக்காத ஏதாவது ஒரு பாதை. எதிரும் புதிருமாக வர விடக் கூடாது. ஒரே திசையில், இருபது அடி இடைவெளியில் நடக்க வேண்டும். நேருக்கு நேர் வந்து முகத்தைப் பார்ப்பது நாய்களின் உலகில் மரியாதை இல்லை. பழகத் தெரிந்த நாய்கள் வளைந்து வந்து பின்பக்கம்தான் முகரும். கயிறு தொய்வாக இருக்கட்டும். நாம் பயந்து இழுத்துப் பிடித்தால் நாயின் மார்பு நிமிர்ந்து, தலை உயர்ந்து, எதிரே இருப்பதற்கு அது சண்டைக்கு நிற்பது போலத் தெரியும். ஒன்று சிறுநீர் கழித்த இடத்தை மற்றது நின்று முகரட்டும், அவசரப்படுத்த வேண்டாம். அவற்றுக்கு அதுதான் பெயர், ஊர், வயது எல்லாம். இருபது நிமிடத்தில் இரண்டும் அடுத்ததை விட்டுவிட்டுப் புல்லை முகரத் தொடங்கினால், இடைவெளியைக் குறைக்கலாம். கடைசியில் கிட்டே விட்டு, மூன்று விநாடி முகர்ந்ததும் சந்தோஷமான குரலில் இரண்டையும் கூப்பிட்டு நகர்ந்துவிடுங்கள். மறுபடி மூன்று விநாடி. ரொம்ப நேரம் முகர விட்டால்தான் விறைப்பு ஏறும்.

பார்க்க வேண்டியது வாலை மட்டுமல்ல. வாலாட்டினால் சந்தோஷம் என்று நினைத்துக் கடி வாங்கியவர்கள் ஏராளம். இடுப்போடு சேர்ந்து உடம்பே ஆடினால் நல்லது. உடம்பு மரம் போல நிற்க, உயர்த்திய வால் மட்டும் மெதுவாக விறைப்பாக ஆடினால் அது வேறு செய்தி. முதுகு மயிர் சிலிர்ப்பது கோபமாகவும் இருக்கலாம், வெறும் பரபரப்பாகவும் இருக்கலாம். முன்னங்காலைத் தரையில் நீட்டிப் பின்புறத்தைத் தூக்கினால் விளையாட அழைக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் அசையாமல் உறைந்தால் மட்டும் உடனே நகர வேண்டும். கத்தாமல், நடையைத் தொடர்கிற மாதிரி.

வீட்டுக்குள் நுழைவதற்கு முன் கிண்ணம், பொம்மை, எலும்பு, மூத்ததன் மெத்தை எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுங்கள். வாசல், மாடிப்படி, சமையலறை நடைவழி போன்ற குறுகலான இடங்களில் இரண்டையும் நெருக்க வேண்டாம். பல சண்டைகள் உணவுக்காக, இன்னும் பல இப்படி முட்டிக்கொள்ளும் இடங்களில். தடுப்புக் கதவில் முதல் இரண்டு நாள் ஒரு போர்வையைத் தொங்கவிடலாம். ஒன்று படுத்த துணியை மற்றதன் பக்கம் போடுங்கள். உணவை இரண்டு பக்கமும் தள்ளித் தள்ளி வைத்து, நாளுக்கு ஒரு சாண் கிட்டே கொண்டுவாருங்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் குறைந்தது ஒரு மாதத்துக்குத் தடுப்பு மூடியே இருக்கட்டும். எல்லாம் நன்றாகப் போகிறதே என்று இரண்டாம் வாரத்தில் தோன்றும். அப்போதும் மூடியே இருக்கட்டும்.

"முதல் நாய்தான் தலைவன், எல்லாவற்றையும் அதற்கே முதலில் கொடு" என்று ஓர் அறிவுரை எங்கும் கிடைக்கும். தலைவன் என்ற அந்த எண்ணம் ஓநாய்களிடமிருந்து வந்தது. 1947ல் ருடால்ஃப் ஷெங்கெல் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் எழுதியது அடைத்து வைத்த ஓநாய்களைப் பார்த்து. அந்தக் கருத்தைப் பரவலாக்கியவர்களில் ஒருவரான ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக், பின்னர் காட்டில் பார்த்துவிட்டு, ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அம்மா, அப்பா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான் என்று 1999ல் எழுதினார். ஆகவே பட்டம் சூட்டுவது நம் வேலை இல்லை. ஆனால் மூத்ததற்கு இருந்த பழைய உரிமைகள் குறையக் கூடாது. அது வேறு விஷயம். அதே தூங்கும் இடம், அதே மாலை நடை, நம்மோடு தனியாகக் கொஞ்ச நேரம். மற்றதெல்லாம், எது முதலில் பொறுமையாக உட்காருகிறதோ அதற்கு முதலில்.

சண்டை வந்தேவிட்டால் கையை நடுவே விடாதீர்கள், கழுத்துப்பட்டையைப் பிடிக்காதீர்கள். அந்த நேரத்தில் தன் எஜமானரின் கை என்று அதற்குத் தெரியாது. பெரிய சத்தம், ஒரு வாளி தண்ணீர், நடுவே ஒரு நாற்காலி அல்லது பலகை. பிரிந்ததும் தனித்தனி அறை. மயிரை விலக்கிப் பாருங்கள்; வெளியே சின்ன ஓட்டையாகத் தெரிவது உள்ளே ஆழமாகக் கிழிந்திருக்கலாம், மருத்துவர் பார்க்கட்டும். நிறையச் சத்தம், காயமே இல்லை என்றால் பெரும்பாலும் வாய்த்தகராறு. சத்தமில்லாமல் கவ்விப் பிடித்து உலுக்கினால் அது வேறு. அப்படி ஒரு முறை நடந்தாலே நாய்களின் நடத்தை தெரிந்த ஒருவரை அழைக்க வேண்டும். திரும்பத் திரும்ப நடந்தால், வேறு நல்ல வீடு பார்ப்பதும் நேர்மையான வழிதான்.

எங்கள் வீட்டில் நான் பதினோராவது நாளுக்கு அப்புறம் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினேன். தடுப்பு வந்தது. மணிக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கட்டாயத் தூக்கம். ஜூலியின் மாலை நடை அவளுக்கு மட்டும். நாலு மாதத்தில் இரண்டும் ஒரே அறையில் படுத்தன, ஆளுக்கொரு மூலையில். மணிக்குப் பதினாலு மாதம் ஆனபோது, ஜூலி சாப்பிடும் நேரத்தில் சமையலறை வாசலில் விறைத்து நிற்கத் தொடங்கினான்; அன்றிலிருந்து இரண்டு கிண்ணமும் இரண்டு அறைக்குப் போய்விட்டன.

ஜூலிக்கு இப்போது ஒன்பது வயது. கட்டிப்பிடித்துத் தூங்கும் படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை. வெளியே போய்விட்டு வந்தால் மணி அவள் வாயை நக்குவான், அவள் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள், அவ்வளவுதான். தடுப்புக் கதவு இன்னும் அங்கேயேதான் இருக்கிறது, பகலெல்லாம் திறந்து கிடக்கும். மணியின் ஆட்டம் அதிகமானால் ஜூலி எழுந்து, அதைத் தாண்டி அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டு, என்னைப் பார்ப்பாள். நான் எழுந்துபோய்ச் சாத்துவேன்.